அவர் எழுதிய ‘இல்லை’

எனக்கு ஆபரேஷன் நடக்க இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகக் கூடாது, படி ஏறக் கூடாது, குடம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். சும்மா உட்கார்ந்தால் பயமும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் நோட்டும் பேனாவுமாக இதை எழுத ஆரம்பித்தேன். என்னைப் போல இருதயத்தைப் படம் பிடிக்கப் போகிறவர்கள் யாராவது படித்தால், படம் எடுக்கிற காந்த மெஷினுக்குள் என்ன நடக்கும் என்பதையாவது தெரிந்துகொள்ளட்டும். எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

கொடைக்கானலில் இருதய நோயை மறைத்து வைப்பது சுலபம். இங்கே எல்லோருக்கும் மூச்சு வாங்கும். பால் வாங்கப் போனாலும் ஏற்றம், கோயிலுக்குப் போனாலும் ஏற்றம். நான் வேலை பார்க்கும் மிஷன் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு ஏறி வருவதற்குள் மூன்று வளைவுகள். முதலில் கடைசி வளைவில் மட்டும் நின்றேன். பிறகு மூன்றிலும் நின்றேன். நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே, ஏரியைப் பார்ப்பதுபோல நிற்பேன். இந்த ஊரிலேயே பிறந்தவள் ஏரியை வேடிக்கை பார்ப்பதைக் கண்டு பக்கத்து வீட்டு பிலோமினா அக்காவுக்கு ஒரே சிரிப்பு.

“என்ன டீச்சர், சீசனுக்கு வந்த ஆளு மாதிரி நிக்கிறீங்க? போட்ல வேணும்னா ஒரு ரவுண்டு போயிட்டு வாங்களேன்!”

நானும் சிரித்தேன். சிரித்ததில் இன்னும் கொஞ்சம் மூச்சு போனது.

காட்டிக் கொடுத்தவள் என் மகள் லீமா. எட்டு வயது. நான் இருமிவிட்டு மடித்து வைத்த கைக்குட்டையை எடுத்துப் பார்த்து, “அப்பா, அம்மா ரோஸ் கலர்ல துப்புறாங்க” என்று வீட்டுக்குள் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டாள். அன்றைக்கே என் கணவர் என்னை மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே இருந்து சென்னைக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

நோய் இதுதான். பதினோரு வயதில் எனக்கு முட்டியெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்தது. அந்தக் காய்ச்சல் மூட்டை விட்டுவிட்டு இருதயத்தைப் பிடித்துக்கொள்ளும் ஜாதி. இருதயத்தின் இடது பக்கம் மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவே ஒரு வால்வு, அதாவது ஒரு கதவு இருக்கிறது. என் கதவின் இரண்டு பலகைகளும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, முழுசாகத் திறக்காமல் போய்விட்டன. ரத்தம் முன்னால் போக வழியில்லாமல் நுரையீரலில் தேங்குகிறது. ரோஸ் கலர் அங்கிருந்துதான் வந்தது.

இதெல்லாம் என் கணவருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அரைகுறையாகத் தெரியும்படி வைத்திருந்தது நான்.

அவர் பெயர் சவரிமுத்து. ஒரு போர்டிங் ஸ்கூல் ஆபீசில் டைப்பிஸ்ட். அப்பா அம்மா முகம் தெரியாமல் மிஷன் விடுதியில் வளர்ந்தவர். ஒரு பெரிய சாப்பாட்டு மேசை வேண்டும், அதைச் சுற்றி நிறையப் பிள்ளைகள் வேண்டும், அத்தனையும் தன் பிள்ளைகளாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை கிடையாது. கல்யாணத்துக்கு முன்னாலேயே எட்டுப் பேர் உட்காரும் மேசையைச் சொல்லிச் செய்து வாங்கிவிட்டார். அது இன்னும் எங்கள் வீட்டில் பாதி அறையை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. மூன்று பேர் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

லீமா வயிற்றில் இருந்தபோது எட்டாம் மாதத்திலிருந்து என்னால் படுத்துத் தூங்க முடியவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டே ராத்திரியைத் தள்ளினேன். பிரசவம் ஆன மூன்றாம் நாள், டாக்டர் சிஸ்டர் அறைக் கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னொண்ணு வேண்டாம் செசிலி. உன் இருதயம் தாங்காது. இந்தப் பிள்ளைக்கு அம்மா வேணும்ல?”

நாள் பார்த்து விலகியிருங்கள் என்றார். ஒரு கன்னியாஸ்திரீ அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? அவர் வெளியே போனதும் என் கணவர் உள்ளே வந்தார். கையில் குழந்தையை ஏந்திக்கொண்டு, “அடுத்ததுக்குப் பேரு இப்பவே யோசிச்சுட்டேன்” என்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சொல்வேன்? “கொஞ்ச வருசம் பொறுக்கச் சொல்லுறாங்க” என்று மட்டும் சொன்னேன்.

லீமாவுக்கு ஒரு வயது ஆனபோது, டீச்சர்களுக்கு மீட்டிங் என்று சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் வத்தலக்குண்டுக்கு இறங்கிப் போய்க் காப்பர்-டி வைத்துக்கொண்டேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: விரல் நீளத்துக்கும் குறைவான பிளாஸ்டிக் துண்டு, அதில் மெல்லிய செப்புக் கம்பி சுற்றியிருக்கும். கருப்பையில் வைத்துவிட்டால் கரு தங்காது. நாலு வருடம் கழித்து இன்னொரு மீட்டிங், இன்னொரு பஸ், இன்னொரு காப்பர்-டி. எங்கள் சபையில் இது பாவம். ஏழு வருடமாக எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் சாமியாரிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொல்லாமல் வாங்கக் கூடாத நற்கருணையை ஞாயிறுதோறும் வாங்கினேன்.

என் கணவர் பொறுத்துப் பார்த்தார். பிறகு மாதாவிடம் போனார். வருடாவருடம் திருவிழா முடிந்த முதல் சனிக்கிழமை, அந்தக் குளிரில் வெறுங்காலோடு மலைமேல் இருக்கும் மாதா கோயிலுக்கு ஏறி, பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டிவிட்டு வருவார். தொட்டில் என்றால் ஒரு முழத் துணிதான், அதில் ஒரு கூழாங்கல். தாயின் சேலைத் துணியாக இருந்தால் விசேஷம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஐந்து வருடம், ஐந்து தொட்டில். ஐந்து தடவையும் என் பழைய சேலையைக் கிழித்துக் கொடுத்தது நான்தான்.

சென்னை ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். பெரியது, நீளமானது, எங்கே போனாலும் பினாயில் வாசனை. முதலில் எக்கோ எடுத்தார்கள். நெஞ்சின்மேல் பசை தடவி, காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்துப் படம் போடுவது. என் படம் சரியாக விழவில்லை. கதவு எவ்வளவு திறக்கிறது, அதன் வழியாக ரத்தம் எவ்வளவு வேகமாகப் பாய்கிறது, பின்னால் எவ்வளவு ஒழுகுகிறது என்று தெரிந்தால்தான் ஆபரேஷனா மாத்திரையா என்று முடிவு செய்ய முடியும் என்றார் டாக்டர். அதற்கு வழக்கமான வழி, தொடையில் துளை போட்டு ஒரு மெல்லிய குழாயை ரத்தக் குழாய் வழியே இருதயம் வரைக்கும் ஏற்றுவது.

பக்கத்துக் கட்டிலில் ஒட்டன்சத்திரத்து அம்மா ஒருத்தர். வீட்டுக்காரருக்கு மார்க்கெட்டில் வெங்காயக் கமிஷன் கடை. அவருக்கு அந்தக் குழாய்ப் பரிசோதனை முதல் நாள்தான் ஆகியிருந்தது. நான் கேட்காமலே போர்வையை விலக்கி, ரத்தம் கட்டிய தொடையைக் காட்டினார்.

“கத்தரிக்கா கணக்கா கெடக்கு பாருங்க டீச்சர். பயப்படாதீங்க, வலியெல்லாம் கொஞ்சந்தான்.”

அவர் தைரியம் சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது.

மறுநாள் டாக்டர் வேறொரு யோசனையோடு வந்தார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த இளவயதுக்காரர், வேகமாகப் பேசுவார். புதிதாக ஒரு காந்த மெஷின் வந்திருக்கிறது, மூளையைப் பார்க்கத்தான் வாங்கினார்கள், அதில் இருதயத்துக்குள் ரத்தம் ஓடும் வேகத்தையும் அளக்கலாம், நான் அங்கே கற்றுக்கொண்டு வந்திருக்கிறேன் என்றார். ஊசி இல்லை, துளை இல்லை. உடம்பில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். பெரிய காந்தத்துக்குள் படுக்க வைத்தால் அந்தத் தண்ணீரின் அணுக்கள் காந்தத்துக்குக் கட்டுப்படும். ரேடியோ அலையால் தட்டினால் பதில் கொடுக்கும். நிற்கிற தண்ணீர் கொடுக்கும் பதிலும் ஓடுகிற ரத்தம் கொடுக்கும் பதிலும் வேறுவேறு. அந்த வித்தியாசத்தை வைத்து வேகத்தைக் கணக்குப் போடலாம். இவ்வளவையும் ஒரு காகிதத்தில் படம் போட்டுச் சொன்னார்.

“காந்தம்னா எவ்வளவு பெருசுங்க சார்?” என்று கேட்டார் என் கணவர்.

“உள்ளே ஆள் படுக்கிற அளவு. சாவிக்கொத்தோட போனீங்கன்னா சாவி பறந்துடும்” என்று சொல்லிச் சிரித்தார் டாக்டர்.

என் கை தானாக அடிவயிற்றின் மேல் போனது.

ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். இங்கிலீஷில் இருந்தது. என் கணவருக்கு அச்சடித்த காகிதம் கையில் கிடைத்தால் போதும், ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படிப்பார். ஆபீசில் டைப் அடித்ததைச் சரிபார்த்துச் சரிபார்த்து வந்த பழக்கம். கேள்வியை வாசித்து, தமிழில் சொல்லி, பதிலை அவருடைய மணிமணியான கையெழுத்தில் எழுதினார்.

“தலையில கிளிப் வச்சிருக்கா? இல்ல. குண்டு, தோட்டாத் துண்டு ஏதாச்சும்? நீ எந்தப் பட்டாளத்துக்குப் போன?” அவருக்குச் சிரிப்பு. “உடம்புக்குள்ள வேற ஏதாவது உலோகம்?”

பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“பல்லுகூட அடைக்கல உனக்கு. இல்லைன்னு போட்டுரவா?”

சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் வாயைத் திறந்திருந்தால் ஏழு வருடமும் ஒரு வாக்கியத்தில் முடிந்திருக்கும். ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது.

“போடுங்க” என்றேன்.

இல்லை என்பதற்கு இங்கிலீஷில் இரண்டே எழுத்து. அழகாக எழுதினார்.

மெஷின் அறையில் வேலை பார்த்த பெண்ணின் பெயர் நிர்மலா. தாலிச் செயின், மோதிரம், ஊக்கு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் ஒரு தட்டில் கழற்றி வைக்கச் சொன்னாள். நெஞ்சில் மூன்று இடத்தில் ஒயர் ஒட்டினாள். இருதயம் அடிக்கிற கணக்குக்குத்தான் மெஷின் படம் எடுக்கும், அதனால் அசையாமல், ஒரே சீராக மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டும் என்றாள். பயத்தில் குதிக்கிற இருதயத்தை வைத்துக்கொண்டு சீராக எங்கே மூச்சு விடுவது? பலகை நகர்ந்தது. முகத்துக்கு ஒரு சாண் மேலே வெள்ளைக் கூரை. தோள் இரண்டும் சுவரில் இடித்தது. என்னை மரப்பெட்டிக்குள் வைத்து மூடுகிறார்கள் என்றே நினைத்தேன். ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நின்றுவிட்டது. எந்த முகத்தோடு அவளைக் கூப்பிடுவது என்று தோன்றிவிட்டது.

அப்போதுதான் என் கூந்தலுக்குள் ஏதோ ஊர்ந்தது. பல்லி என்று நினைத்தேன். முடியை இழுத்துக்கொண்டு போய், ‘டிக்’ என்று எங்கோ ஒட்டிக்கொண்டது. கழற்ற மறந்த ஒரு கொண்டை ஊசி.

ஒரு கொண்டை ஊசியே இப்படிப் போகிறது என்றால்? எனக்கு உள்ளே இருப்பது கம்பி சுற்றிய துண்டு. அது எந்தப் பக்கமாகக் கிழித்துக்கொண்டு வரும்? மெஷின் சுத்தியலால் அடிப்பதுபோலச் சத்தம் போட ஆரம்பித்தது. அடிவயிற்றில் சூடு ஏறுவதுபோல இருந்தது. லீமாவின் முகம் வந்தது. அம்மா வேண்டும் என்று எதற்காக இதை வைத்துக்கொண்டேனோ, அதுவே என்னைக் கொல்லப் போகிறது என்று நினைத்தேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. பலகை வெளியே வந்தது.

“என்னம்மா, என்ன ஆச்சு?” என்று நிர்மலா ஓடி வந்தாள்.

“எனக்குள்ள ஒண்ணு இருக்கு” என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது. அவள் என்னைத் தோளோடு சாய்த்துக்கொண்டாள். அவள் காதில்தான் காப்பர்-டி என்ற வார்த்தையை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன்.

டாக்டர் வந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். எப்போது வைத்தது, எந்த மாதிரி என்று மட்டும் கேட்டுவிட்டு, “செம்புதானேம்மா? காந்தம் செம்பை இழுக்காது. இருந்தாலும் இன்னொருத்தரையும் கேட்டுடறேன்” என்று போன் பேசப் போனார். நான் ஒரு ஸ்டூலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், ஹாலில் என் கணவர் என் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். யாராவது எடுத்துப் போய்விடுவார்கள் என்று பயம் அவருக்கு. அந்த அரைமணி நேரத்தைவிட நீளமான அரைமணியை நான் அனுபவித்ததில்லை.

டாக்டர் திரும்பி வந்து, பயமில்லை, படுக்கலாம் என்றார்.

“அவர்கிட்ட சொல்லிராதீங்க சார்.”

“நான் சொல்ல மாட்டேன். ஆனா இது ஃபைல்ல இருக்கணும். நாளைக்கு இன்னொரு டாக்டர் பார்ப்பார்” என்றார். மேசையில் கிடந்த ஃபாரத்தை எடுத்து, சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் ஏதோ எழுதினார். நான் எட்டிப் பார்க்கவில்லை.

மறுபடியும் படுத்தேன். பயமில்லை என்று டாக்டர் சொன்னது தலைக்குத் தெரிந்தது, வயிற்றுக்குத் தெரியவில்லை. முக்கால் மணி நேரம் அடிவயிற்றில் இரண்டு கையையும் பொத்தி வைத்துக்கொண்டே கிடந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

சாயங்காலம் என் இருதயத்தைக் காட்டினார்கள். டி.வி. மாதிரி ஒரு திரை. சாம்பல் நிறம் அசையாத சதை, வெள்ளை ஒரு பக்கம் ஓடுகிற ரத்தம், கறுப்பு எதிர்ப்பக்கம் ஓடுவது என்றார் டாக்டர். ஒட்டிப்போன கதவின் நடுவே ஒரு வெள்ளைக் கோடு சீறிக்கொண்டு போனது. தோட்டத்து ரப்பர் குழாயின் வாயை விரலால் அமுக்கினால் தண்ணீர் பீய்ச்சுமே, அப்படி. கதவு மோசமாக ஒட்டியிருக்கிறது, ஆனால் பின்னொழுக்கு அதிகம் இல்லை, அதனால் செயற்கை வால்வு வைக்காமல் ஒட்டினதைப் பிரித்துவிட்டாலே போதும் என்றார். நாள் குறித்தார். வீட்டுக்குப் போய்விட்டு வரலாம், வரும்போது கொண்டுவர வேண்டிய சாமான் என்று ஒரு பட்டியல் கொடுத்தார். தட்டு, டம்ளர், சோப்பு, பழைய பருத்தித் துணி நாலைந்து.

“ஏன் அவ்வளவு நேரம் ஆச்சு?” என்று கேட்டார் என் கணவர்.

“மெஷின்ல ஏதோ கோளாறாம்” என்றேன். அத்தனைக்குப் பிறகும் பொய்.

ரயிலில் ஃபைல் என் தலைமாட்டில் இருந்தது. கொடை ரோட்டில் இறங்கி பஸ் ஏறினோம். வத்தலக்குண்டில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். மலை வாழைப்பழம் விற்கிற பெண்கள் ஜன்னலைச் சுற்றிக் கூவிக்கொண்டிருந்தார்கள். எதிரே சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம். நான் அதைப் பார்க்காமல் திரும்பினேன். அவர் ஃபைலைப் பிரித்து மடியில் வைத்திருந்தார்.

முதல் பக்கம். விரல் ஊர்ந்தது. ஒரு ஸ்பெல்லிங் தப்பைப் பார்த்து உச்சுக் கொட்டினார். இரண்டாம் பக்கம். மூன்றாவது அந்த ஃபாரம். அவருடைய கையெழுத்து, அதன் குறுக்கே சிவப்புக் கோடு. அவர் எழுதிய பக்கத்தில் யாராவது அடித்துத் திருத்தினால் அவரால் தாங்க முடியாது. விரல் கோட்டின் மேல் நின்றது. பிறகு பக்கத்தில் எழுதியிருந்ததற்கு நகர்ந்தது. அங்கேயே நின்றது. பஸ் கிளம்பி முதல் வளைவு திரும்பும்வரை அந்த விரல் எழவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஃபைலைக் கட்டி வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, லீமா தூங்கிய பிறகு ஒன்று சொன்னார்.

“அஞ்சு தொட்டில் கட்டினேன் செசிலி. நீதான் சேலை குடுத்த.”

“செத்துருவேன்னு சொன்னாங்க. அத உங்ககிட்டச் சொல்ல வாய் வரலங்க” என்றேன். காலில் விழுந்திருப்பேன், குனிந்தால் மூச்சு முட்டும். வத்தலக்குண்டுக்கு இரண்டு தடவை போய்வந்ததையும் அப்போதே சொல்லிவிட்டேன்.

நாலு நாள் பேச்சில்லை. வெந்நீர் போட்டார், கஞ்சி வைத்தார், லீமாவுக்குக் கோணல் மாணலாகச் சடை பின்னிப் பள்ளிக்கு அனுப்பினார். “மாத்திரை போட்டியா?” என்பது ஒன்றுதான் என்னிடம் பேசுகிற பேச்சு. ஆபரேஷனை நினைத்து நடுங்குவதா, இதை நினைத்து நடுங்குவதா என்று எனக்குத் தெரியவில்லை. மேசையின் அந்தக் கோடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். அவ்வளவு பெரிய மேசை அப்போதுதான் முதன்முதலாகப் பயன்பட்டது.

சனிக்கிழமை வெள்ளனே எழுந்து, செருப்பில்லாமல் கோயிலுக்கு ஏறிப் போனார். மத்தியானம் ஒரு மஞ்சள் பையோடு திரும்பினார். பைக்குள் மழையில் நனைந்து வெளுத்த ஐந்து துணிகள். என் ஐந்து சேலைகளும் எனக்கு அடையாளம் தெரிந்தன. கொல்லையில் உட்கார்ந்து சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் காயப் போட்டார். எல்லாம் முடிந்தது, மாதாவிடம்கூடக் கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிட்டார், இனி என்னோடுதான் பாக்கி என்று நினைத்தேன்.

சாயங்காலம் மேசையில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

“அன்னைக்கு வத்தலக்குண்டுக்கு யார் கூடப் போன?”

“யாரும் இல்லீங்க. ஒத்தையிலதான்.”

“ரெண்டு தடவையுமா?”

“ரெண்டு தடவையும்.”

“வலிச்சுச்சா?”

தலையை ஆட்டினேன்.

“அந்த வலியோட பஸ்ல, அத்தன வளைவும் ஏறி வந்தியா?”

“வெரசா வந்துட்டேங்க. நீங்க ஆபீஸ் விட்டு வாரதுக்குள்ள சோறு வடிக்கணும்ல.”

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். “அந்தச் சோத்தத் தின்னுட்டு நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருப்பேன்” என்றார். தோள் குலுங்கியது. பன்னிரண்டு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வந்தது. இருதயத்துக்கு ஆகாது என்று அவரே எழுந்து வந்து என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. நெஞ்சைத் திறந்து, ஒட்டிய கதவை விரலால் பிரிப்பார்களாம். பதினெட்டு நாளும் அதை நினைத்துக்கொண்டுதான் இருப்பேன். ஆனால் நேற்று அவர் டிரங்குப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். ஆஸ்பத்திரிப் பட்டியலை மேசையில் விரித்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்து, எதிரே பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தார். தட்டு, இருக்கு. டம்ளர், இருக்கு. சோப்பு, வாங்கணும். பழைய பருத்தித் துணி என்ற வரியில் விரல் நின்றது. எழுந்து போய்க் கொடியிலிருந்து அந்த ஐந்து துணிகளையும் எடுத்து வந்தார். மூலைக்கு மூலை சேர்த்து மடித்துப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். பிறகு வந்து உட்கார்ந்து, அந்த வரிக்கு எதிரே, அவருடைய மணிமணியான கையெழுத்தில், இருக்கு என்று எழுதினார்.